ஆற்றுதலும் அரூபமும்: கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையும் சோழமண்டல உறைவிடமும்

ஆய்வுச்சுருக்கம்

அரூப ஓவியத்தை இயற்கையோடும் நோயாற்றுதலோடும் இணைத்துப் பேசும் வழக்கம் இன்றைய ஓவிய விமர்சனத்தில் பரவியுள்ளது. கலைஞர்கள் சில காலம் ஓரிடத்தில் தங்கிப் படைக்கும் 'ரெசிடென்சி' முறையில் உருவான படைப்புகளைப் பற்றிய குறிப்புகளில் இவ்விணைப்பு மிகுதியாகக் காணப்படுகிறது. 1966இல் சென்னைக்கு அருகில் ஈஞ்சம்பாக்கத்தில் உருவான சோழமண்டல ஓவியர் கிராமத்தையும், அதனை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கரின் (1911–1977) பிற்கால ஓவியங்களையும் முன்வைத்து, இவ்விணைப்பு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நோய் தீர்க்கும் சடங்குப் பொருள்களிலிருந்து வடிவங்களை எடுத்துக்கொள்ளும் பணிக்கரின் ஓவியம், அவற்றின் தீர்க்கும் வலிமையை நீக்கிவிடுகிறது என்பதும், ஆற்றுதல் என ஒன்று அங்கே நிகழ்ந்திருந்தால் அது படத்தால் அன்று, உடனுறைவால் நிகழ்ந்தது என்பதும் இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: அரூப ஓவியம், சோழமண்டலம், பணிக்கர், குறியீடு, நெய்தல், ஆற்றுதல், உறைவிடம்

முன்னுரை

திருவள்ளூர் வைத்திய வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு அமாவாசை நாளில் செல்பவர் ஒரு காட்சியைத் தவறவிட முடியாது. கண், கை, கால், வயிறு என உடலுறுப்புகள் பதிந்த மெல்லிய தகடுகள் அங்கே விற்கப்படுகின்றன. கண்ணில் நோயுள்ளவர் கண்தகட்டை வாங்கிக் காணிக்கையாக இடுகிறார். கால் வலிப்பவர் கால்தகட்டை இடுகிறார். சிலர் ஹிருத்தாபநாசினி என்னும் குளத்தில் வெல்லத்தைக் கரைக்கின்றனர். வெல்லம் கரைவதுபோல் நோயும் கரையும் என்பது நம்பிக்கை. உள்ளத்தின் வெப்பத்தை அழிப்பது என்பது அக்குளத்தின் பெயருக்குப் பொருள்.

இங்கே உருவத்துக்கும் நோய்க்கும் உள்ள உறவில் ஐயத்துக்கு இடமில்லை. எந்த உறுப்பு நொந்ததோ அந்த உறுப்பின் உருவம். தகட்டின் வேலைப்பாடு மிகச் சாதாரணமானது. அதன் அழகைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அது செய்ய வேண்டிய வேலை தெளிவாக இருப்பதால் அழகைப் பற்றிய பேச்சுக்குத் தேவை எழவில்லை.

ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணி வழியாக அக்கோயிலுக்குச் சென்றுவரும் இக்கட்டுரையாளருக்கு, ஓவியக் காட்சிகளின் குறிப்பேடுகளில் 'ஆற்றும் ஓவியம்' என்ற தொடரைக் காணும்போதெல்லாம் அந்தத் தகடுகள் நினைவுக்கு வருகின்றன. ஓர் ஓவியர் மலையடிவாரத்திலோ கடற்கரையிலோ ஒரு திங்கள் தங்குகிறார். மரத்தையோ அலையையோ வரையாமல் வண்ணப் பரப்புகளை வரைகிறார். அவை இயற்கையிலிருந்து பிறந்தவை என்றும் காண்பவரின் மனப்புண்ணை ஆற்றுபவை என்றும் குறிப்பு சொல்கிறது. எந்தப் புண்ணை, எவ்வாறு என்று கேட்டால் விடையில்லை. உருவமே இல்லாத ஒன்று எந்த உறுப்புக்குரிய தகடு? இக்கேள்வி ஏளனத்துக்காக எழுப்பப்படுவது அன்று. தமிழ் நிலத்தில் அரூப ஓவியம் வேரூன்றிய முதன்மையான இடமே கலைஞர்கள் கூடி உறைந்த ஒரு கடற்கரை என்பதால், இதற்கு விடை தேடுவதற்குரிய சான்றுகள் நம்மிடமே உள்ளன.

ஆறுதல் என்னும் சொல்

நோய் நீங்குவதைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல. தீர்தல், நீங்குதல், தணிதல், குணமாதல், ஆறுதல் ஆகிய ஐந்தும் ஒன்றல்ல. தீர்த்தல் மருத்துவரின் செயல். அதற்கு ஒரு முடிவு உண்டு. தணிதல் மேலெழுந்தது கீழிறங்குதல். சினமும் காய்ச்சலும் தணியும். சூரனோடு நிகழ்ந்த போருக்குப்பின் முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் தணிகை எனப் பெயர் பெற்றதாகத் திருத்தணியைப் பற்றித் தலமரபு கூறுகிறது. குணமாதல் என்னும் வழக்கில், நோயுற்றவர் தம் பழைய இயல்புக்குத் திரும்புகிறார் என்ற எண்ணம் உறைந்திருக்கிறது.

இவற்றுள் ஆறுதல் தனியானது. சூடான பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, துக்கமுற்ற மனம் ஆறுகிறது. மூன்றிலும் பொதுவாக நிற்பது காலம். ஆறுவதை விரைவுபடுத்த இயலாது. பாலை ஆற்றுபவர்கூடக் காற்றுக்கும் நேரத்துக்கும் இடம் கொடுக்கிறாரே அன்றிக் குளிர்ச்சியைப் படைப்பதில்லை. ஆறிய புண் தழும்பை விட்டுச்செல்லும். தீர்ந்த நோய்க்குத் தழும்பு தேவையில்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சொல்லப்படும் இவ்விரண்டையும் தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. ஓவியக் குறிப்புகள் அவ்வேறுபாட்டைக் கவனியாமல், ஆறுதலைத் தரும் ஒன்றைத் தீர்க்கும் ஒன்றாகப் பேசிவிடுகின்றன. குழப்பம் இங்கே தொடங்குகிறது.

நிலக்காட்சியிலிருந்து எழுத்துக்கு

கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், சென்னைக் கலைப்பள்ளியில் தேவி பிரசாத் ராய் சவுத்ரியிடம் பயின்று, 1957இல் அப்பள்ளியின் தலைவரானார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தவர்களுள் முதன்மையானவர். அவருடைய தொடக்கக்கால நீர்வண்ண ஓவியங்கள் இயற்கையை நேராகக் கண்டு வரைந்தவை. கேரளத்தின் நீர்நிலைகளும் தென்னைகளும் ஈரம் மிகுந்த பச்சையும் அவற்றில் நிறைந்துள்ளன. இயற்கை ஓவியர் என்று அவரை அழைத்திருந்தால் அன்று எவரும் மறுத்திருக்கமாட்டார்கள்.

1954இல் அவர் ஐரோப்பா சென்றார். மேற்கின் நவீன ஓவியத்தை அதன் மண்ணிலேயே கண்டு திரும்பிய இந்திய ஓவியர் பலரையும் போலவே, தம்முடையது என்று சொல்லத்தக்க ஓவியமொழி எது என்ற வினாவோடு அவரும் திரும்பினார். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின்னரே விடை கிடைத்தது. ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம் அதற்குத் தூண்டுதலாக இருந்தது என்பது பலரும் எடுத்துரைக்கும் செய்தி. எண்களும் எழுத்துகளும் வடிவக் கோடுகளும் நெருங்கிக் கிடந்த அப்பக்கத்தை அவர் பொருளுக்காகப் படிக்காமல் ஒரு பரப்பாகப் பார்த்தார். 1963 முதல் உருவான 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசை இதன் விளைவு.

அவ்வரிசையின் ஓவியம் ஒன்றின் முன் நிற்பவர் முதலில் செய்ய முயல்வது படித்தல். காவியோ மஞ்சளோ பச்சையோ படர்ந்த தட்டையான தரையில் வரிவரியாக எழுத்துகள். மலையாள எழுத்தின் சுழிவுகளை நினைவூட்டும் அவை எந்த மொழியின் எழுத்துகளும் அல்ல. ஓரத்தில் சாதகக் கட்டம் போன்ற ஒரு சதுரம். வேறிடத்தில் கோள்களைச் சுட்டுவன போன்ற அடையாளங்கள், முக்கோணங்கள், கணக்குப் பட்டியல் போன்ற நிரைகள். சில ஓவியங்களில் ஒரு மீனோ பறவையோ செடியோ மனித உருவோ, ஏட்டின் ஓரத்தில் கிறுக்கிய படம்போல வந்துபோகும். தூரம், அண்மை என்னும் வேறுபாடு கிடையாது. நிலக்காட்சி ஓவியத்தின் உயிரான அடிவானக் கோடு முழுமையாகப் போய்விட்டது.

படித்தல் முயற்சி ஓரிரு நிமிடங்களில் தோற்கும். தோற்றபின் கண்ணுக்கு வேறு வேலை கிடைக்கிறது. இரண்டு வரிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி, மை கனத்தும் மெலிந்தும் செல்லும் நடை, ஒரு கட்டத்தின் கோணல், தரைவண்ணத்தின் ஒளி ஆகியவை ஒவ்வொன்றாகப் புலப்படும். எங்கள் ஆர்.கே.பேட்டைப் பகுதியின் தறி வீடுகளில் வளர்ந்தவருக்கு இவ்வகைப் பார்வை புதிதன்று. தறியில் பூட்டிய பாவின் வண்ணக் கோடுகளைப் பார்த்து இது எதன் படம் என்று எவரும் கேட்பதில்லை. கோட்டின் அகலமும் அடுத்த நிறத்தோடு அது பொருந்துவதும் மட்டுமே பேசப்படும். அதே மனிதர் சட்டமிட்ட ஓவியத்தின் முன் வந்தால் மட்டும் 'இது என்ன?' என்று கேட்கிறார். சட்டம் ஒரு பொருளை எதிர்பார்க்கச் செய்துவிடுகிறது.

குறியும் குறியீடும்

பணிக்கர் தேர்ந்தெடுத்த வடிவங்கள் எங்கிருந்து வந்தவை என்று கேட்டால் இக்கட்டுரையின் மையத்தை அடையலாம். சாதகக் கட்டமும் யந்திரத் தகட்டின் முக்கோணமும் மந்திர ஏட்டின் எழுத்துவரிசையும் தென்னாட்டு வாழ்வில் அழகுக்காக வரையப்பட்டவை அல்ல. நோய் வந்த வீட்டில் சாதகத்தை எடுத்துப் பார்ப்பர். தகட்டில் கீறிய கட்டத்தையும் எழுத்தையும் சுருட்டித் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் அரையில் கட்டுவர். பெரும்பாலும் அவ்வெழுத்தை அணிபவர் படிக்க இயலாது. படிக்க இயலாமையே அதன் வலிமையின் ஒரு கூறு. இவை யாவும் நோயோடும் அச்சத்தோடும் தொடர்புடைய பயன்பாட்டு வரைவுகள். திருவள்ளூர்க் கண்தகட்டுக்கு உறவினர்கள் எனலாம்.

பணிக்கர் இவ்வடிவங்களின் தோற்றத்தை எடுத்துக்கொண்டு, அவற்றைச் செயல்படச் செய்யும் விதிகளை நீக்கினார். அவருடைய கட்டத்தில் எந்தக் கோளும் எந்த வீட்டிலும் நிற்பதில்லை; எனவே பலன் சொல்ல முடியாது. அவருடைய எழுத்தை ஓதவும் முடியாது. மொழியறிந்த மந்திரவாதிக்கும் அது புரியாது என்பதால், தாயத்துக்குள் இருக்கும் மறைபொருள்கூட அதற்கு இல்லை. தமிழில் குறி என்னும் சொல் நோய்க்குறியையும் குறிசொல்லுதலையும் சேர்த்தே சுட்டும். பணிக்கரிடம் குறி முழுமையாகக் குறியீடாகிறது. பின்னர்க் குறியீடும் எதனையும் குறியாமல் வெறும் கோடாகிறது. இதனை ஆற்றும் ஓவியம் என்பதைவிட, ஆற்றும் கருவிகளை ஓய்வெடுக்க விட்ட ஓவியம் என்பதே பொருந்தும்.

இங்கே ஒரு மறுப்பை எதிர்பார்க்கலாம். 1960களிலும் 70களிலும் தாந்திரிக வடிவங்களைக் கையாண்ட இந்திய ஓவியர் பலர். அஜித் முகர்ஜியின் 'தந்திரக் கலை' என்னும் நூல் 1966இல் வெளிவந்தபின் முக்கோணமும் பிந்துவும் உலகச் சந்தையில் ஆன்மிக அடையாளங்களாயின. பணிக்கரையும் அவ்வரிசையில் வைத்து, அவருடைய ஓவியம் தியானத்துக்கும் மனநலத்துக்கும் உதவும் என்று வாதிடுவோர் உளர். ஆனால் காலவரிசை இதற்கு இடந்தரவில்லை. பணிக்கரின் வரிசை அந்நூலுக்கு மூன்றாண்டு முந்தியது. அதன் தொடக்கமும் கோயில் கருவறையில் அன்று, மாணவரின் நோட்டுப் பக்கத்தில் நிகழ்ந்தது. கணக்கும் சாதகமும் மந்திரமும் அவருக்கு ஒரே நிறை. இந்தச் சமநிலையில்தான் அவருடைய மெல்லிய நகைச்சுவையும் இருக்கிறது. ஆன்மிகம் பேசுவோர் அதனைக் காண்பதில்லை.

இயற்கை ஆற்றுமா? நெய்தலின் விடை

சோழமண்டலம் அமைந்த ஈஞ்சம்பாக்கம் அன்று மணலும் சவுக்கும் மீனவர் குப்பங்களும் சூழ்ந்த கடற்கரை. நகரத்தை விட்டு இயற்கையின் மடிக்குச் சென்ற கலைஞர்கள் அமைதி பெற்றுப் படைத்தனர் என்ற கதையை இவ்விடத்தைப் பற்றி எளிதாகச் சொல்லிவிடலாம், சொல்லியும் வருகின்றனர். ஆயின் இயற்கை மனத்தை ஆற்றும் என்ற கருத்து நம் இலக்கிய மரபுக்கு உரியதுதானா?

தொல்காப்பியத்தின் திணைக்கோட்பாடு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்து உயிர்களையும் பொருள்களையும் கருப்பொருள் என்றும், மனவுணர்வு சார்ந்த ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் வகுக்கிறது. கடற்கரையாகிய நெய்தலுக்கு உரியது இரங்கல். கடலும் கழியும் எற்பாட்டுப் பொழுதும் பிரிந்தவளின் துயரைத் தணிப்பதில்லை, மிகுவிக்கின்றன. அலையோசை அவளோடு சேர்ந்து உறங்காதிருக்கிறது. மாலை அவளுக்குப் பகையாகிறது. சங்கப் பாட்டில் இயற்கை மருத்துவர் அன்று, உடன் வருந்தும் துணை. சில வேளைகளில் வருத்தத்தின் காரணமே அதுதான்.

வெறியாட்டுப் பாடல்களும் இதனோடு எண்ணத்தக்கவை. மகளின் மெலிவைக் கண்ட தாய் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு இட்டுக் குறி பார்த்து, முருகனால் வந்த நோய் என்கிறான். பலி கொடுக்கப்படுகிறது. நோய் தலைவனால் வந்தது என்பது தோழிக்குத் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். குறி தவறு, சடங்கு வீண். நோயின் காரணத்தை அறியாமல் ஆற்ற முனைவோரைப் பற்றிய இந்த மெல்லிய எள்ளல் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. இன்றைய காட்சிக் குறிப்புகளைப் படிக்கும்போது வேலனின் கழங்கு உருளும் ஓசை கேட்பதாகத் தோன்றுவது இக்கட்டுரையாளரின் குறையாகவும் இருக்கலாம்.

திணைக்கோட்பாட்டின் துணையால் அரூப ஓவியத்துக்கும் இயற்கைக்கும் உள்ள உறவைச் சற்றுத் தெளிவாகச் சொல்ல இயலும். நிலக்காட்சி ஓவியம் கருப்பொருளைப் பற்றி நிற்கிறது; மரம், பறவை, படகு ஆகியவை இன்றி அது இல்லை. அரூப ஓவியர் கருப்பொருளை விலக்கி, முதலையும் உரியையும் மட்டும் வைத்துக்கொள்ள முயல்கிறார். திருச்சி மாவட்டக் கீராம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலத்தின் எண்ணெய் வண்ண அரூபங்கள் இதற்கு நல்ல சான்று. கரிசல் எழுத்துக்குக் கோட்டோவியம் தந்த அவருடைய கை, அரூபத்துக்கு வந்தபோது மரத்தையும் மனிதரையும் விட்டுவிட்டு, நிலத்தின் நிறத்தையும் வேளையின் ஒளியையும் மட்டும் தடித்த பூச்சுகளில் நிறுத்தியது. முதற்பொருள் மட்டும் எஞ்சிய ஓவியம் என அதனைக் கூறலாம். பணிக்கர் சென்ற வழி இதற்கு மாறானது. அவர் முதலை, அதாவது இடத்தையும் பொழுதையும் விட்டார். கருப்பொருளில் சிலவற்றை ஏட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டார். கடற்கரையில் உறைந்த ஓவியரிடம் கடல் இல்லை. ஒரு மீன் மட்டும் இருக்கிறது. இயற்கையிலிருந்து பிறந்தது என்ற ஒரே தொடரால் இவ்விருவரையும் சுட்டுவது விமர்சனத்துக்கு உதவாது.

மருத்துவமனைச் சுவரில்

ஓவியம் உடல்நலத்துக்கு உதவும் என்ற கூற்றை வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் கூடாது. சுற்றுப்புறத்துக்கும் நோயாளியின் மீட்சிக்கும் உள்ள உறவை ஆராய்ந்த ரோஜர் உல்ரிச் 1984இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு பரவலாக அறியப்பட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை முடித்த 46 நோயாளிகளின் பதிவேடுகளை அவர் இணை இணையாக ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர். வீரியமான வலிநீக்கிகளும் குறைவாகவே தேவைப்பட்டன.

ஆனால் அதே ஆய்வாளர் குழுவினருடன் சுவீடனின் உப்சலா மருத்துவமனையில் 1990களின் தொடக்கத்தில் நடத்திய மற்றோர் ஆய்வை ஓவிய உலகம் அவ்வளவாகப் பேசுவதில்லை. இதய அறுவை முடித்தவர்களின் படுக்கைக்கு எதிரே வெவ்வேறு படங்கள் வைக்கப்பட்டன. மரங்களும் நீரோடையும் உள்ள நிழற்படத்தைக் கண்டவர்களின் கலக்கம் குறைந்தது. நேர்க்கோட்டு வடிவங்கள் கொண்ட அரூபப் படத்தைக் கண்டவர்களிடமோ, படமே வைக்கப்படாதவர்களைவிடக் கலக்கம் மிகுந்திருந்தது.

இது அரூப ஓவியத்துக்கு எதிரான தீர்ப்பு அன்று. ஓவியத்தின் தரத்தை நோயாளியின் கலக்கத்தால் அளக்க முடியாது. அளந்தால் நாள்காட்டிப் படங்களே உலகின் தலைசிறந்த ஓவியங்களாகும். எனினும் ஆற்றும் அரூபம் என்ற கூற்றை முன்வைப்பவர் இம்முடிவுக்கு விடை சொல்லியாக வேண்டும். பணிக்கரின் ஓவியத்தைப் பற்றி முன்னர்ச் சொன்னதை இங்கே திரும்பப் பார்க்கலாம். படிக்க முயன்று தோற்றபின் கண் அமைதியாகப் பரப்பில் உலவும் என்றோம். அது ஓய்வோடு காட்சிக்கூடத்துக்கு வந்தவரின் அனுபவம். வலியோடும் அச்சத்தோடும் படுத்திருப்பவருக்கு அதே படிக்க முடியாமை தன்னிடம் மறைக்கப்பட்ட ஏதோ ஒன்றாகத் தோன்றலாம். மருத்துவரின் குறிப்புச்சீட்டைப் போல. பொருள் திறந்து கிடக்கும் வடிவத்தில் பார்ப்பவர் தம் மனத்தையே காண்கிறார். மனம் கலங்கியிருந்தால் கலக்கத்தைக் காண்கிறார்.

ஓவியரின் பக்கத்திலும் நிலைமை எளிதன்று. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மார்க் ராத்கோவின் 14 பெரிய அரூப ஓவியங்களைக் கொண்ட வழிபாட்டு மண்டபம் 1971இல் திறக்கப்பட்டது. எல்லாச் சமயத்தாரும் அமைதி நாடி அங்கே செல்கின்றனர். அது திறக்கப்படுவதற்கு ஓராண்டு முன்னரே ராத்கோ தம் உயிரைப் போக்கிக்கொண்டார். மற்றவர்க்கு அமைதி தரும் பரப்புகளை வரைந்த கை தனக்கு அதனைப் பெறவில்லை. மனப்பிளவு நோயோடு வாழ்ந்த ஆக்னஸ் மார்ட்டின், 1967இல் நியூயார்க்கை விட்டகன்று, நியூ மெக்சிகோவின் வெட்டவெளியில் தம் கையாலேயே மண்சுவர் வீடு கட்டி, சில ஆண்டுகள் தூரிகையைத் தொடாமல் இருந்து, பின்னரே மெல்லிய கோடுகளும் வெளிறிய நிறங்களும் கொண்ட ஓவியங்களுக்குத் திரும்பினார். 2004இல் 92 வயதில் மறையும் வரை அவரது ஓவிய வாழ்வு நீடித்தது. இவ்விரு வாழ்க்கைகளிலிருந்தும் பொதுவிதி எதையும் வடிக்க இயலாது.

உடனுறைவு

அப்படியாயின் சோழமண்டலம் அதில் உறைந்தவர்களுக்கு எதனைத் தந்தது? அதற்கு விடை காண ஓவியங்களை விட்டுக் கிராமத்தின் நடைமுறையைப் பார்க்க வேண்டும். கலைப்பள்ளியில் பயின்று வெளிவந்த மாணவர்களுக்கு 1960களில் சென்னையில் ஓவியத்தால் பிழைக்க வழியில்லை. பணிக்கரும் மாணவர்களும் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, பாத்திக் துணிகள் முதலியவற்றைச் செய்து விற்றனர். அப்பணத்தில் வாங்கியதே ஈஞ்சம்பாக்கத்தின் நிலம், சுமார் 10 ஏக்கர். கைவினை வயிற்றுக்கு, ஓவியம் தமக்கு என்று உழைப்பைப் பிரித்துக்கொண்டனர். முதலில் எழுந்தவை எளிய குடில்கள்.

இன்றைய ரெசிடென்சியோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அங்கே புரவலர் இடமும் உணவும் தருகிறார், கலைஞர் விருந்தினர், தவணை முடிந்ததும் புறப்பட வேண்டும். அமெரிக்காவின் மெக்டவல் குடியிருப்பு 1907 முதல் இம்முறையில் இயங்கிவருகிறது, பயனுள்ள முறைதான். சோழமண்டலத்தில் விருந்தோம்புபவரும் விருந்தினரும் ஒருவரே. புறப்படும் நாள் குறிக்கப்படவில்லை. ஆறுதலுக்குக் காலம் வேண்டும் என்ற கருத்தை ஏற்றால், ஒரு திங்கள் தங்கி ஆற்றும் ஓவியம் படைப்பதாகச் சொல்வதில் உள்ள அவசரம் புலப்படும். மறுபுறம், சோழமண்டலத்தைச் சொர்க்கமாக்கவும் வேண்டியதில்லை. கைவினையில் செலவான நேரம் ஓவியத்திலிருந்து பறிக்கப்பட்டதே. வி. விசுவநாதன் 1960களின் இறுதியிலேயே பாரிசுக்குச் சென்று அங்கே நிலைத்தார். கிராமத்தோடு உறவை விடாமல் வந்துபோனார் என்றாலும் அவர் தேடியது வேறோர் ஊரில் கிடைத்தது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்து முடிகிறது. நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து மருந்தைக் கொடுத்துப் பேணுபவர். நான்காவது கூறு எண்ணத்தக்கது. மருந்துக்கு நிகரான இடம் அருகிருப்பவருக்குத் தரப்பட்டிருக்கிறது. ஓவியத்தை மருந்தின் இடத்தில் வைப்பதே நம் பிழை என்று தோன்றுகிறது. சோழமண்டலம் நிரப்பியது நான்காமவரின் இடத்தை.

இதற்குச் சான்று கே. இராமானுஜம், இக்கருத்தின் எல்லையைக் காட்டுபவரும் அவரே. மனநோயோடு போராடிய, பேச்சில் தயக்கமுள்ள இந்த இளைஞரைப் பணிக்கர் கலைப்பள்ளியிலேயே அடையாளம் கண்டு ஆதரித்தார். பின்னர்க் கிராமத்தில் அவருக்கு ஓர் இடமும் கிடைத்தது. அவர் அரூப ஓவியர் அல்லர். நெருக்கமான மைக்கோடுகளால் மாடங்களும் கோபுரங்களும் அரவங்களும் விந்தையான ஊர்திகளும் நிறைந்த கனவு நகரங்களை எழுப்பி, அவற்றின் நடுவில் தொப்பியணிந்த தம் உருவத்தை வைத்தார். வாழ்வில் கிடைக்காத வரவேற்பு அந்நகரங்களில் அவருக்குக் கிடைக்கிறது. அவருடைய ஓவியத்தை நோயின் வெளிப்பாடு என்று மட்டும் வாசிப்பவர்கள் அதன் கட்டமைப்பைக் காணத் தவறுகின்றனர். ஒரு பெரும் பரப்பை ஓரிடத்திலும் தளராமல் நிரப்பிச் செல்லும் அந்தக் கோட்டின் ஒழுங்கு பயிற்சியாலும் தேர்வாலும் வந்தது. நோய் கோடு போடுவதில்லை.

1973இல் இராமானுஜம் தற்கொலையால் இறந்தார். வயது முப்பதுகளின் தொடக்கம். கடற்கரை இருந்தது, ஓவியம் இருந்தது, அவருடைய திறனை அறிந்த ஆசிரியரும் தோழர்களும் இருந்தனர். இயற்கையும் கலையும் ஆற்றும் என்ற கூற்றின் முன் இந்த மரணத்தை வைக்காமல் சோழமண்டலத்தைப் பற்றி எழுதுவது நேர்மையன்று. அருகிருப்பவர் இருந்தும் தீர்ப்பவரும் மருந்தும் வேண்டியிருந்த நோய் அது. மனநல மருத்துவம் எளிதில் எட்டாத காலம் அது. ஓவியம் அந்த இடத்தை நிரப்பும் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருப்பது, இத்தகைய நோயோடு வாழும் கலைஞர்களுக்கு இழைக்கும் தீங்கு. அவர்களுடைய துயர் அவர்களது கலையின் அணிகலனாகப் பாராட்டப்படும், சிகிச்சை பின்தள்ளப்படும்.

அதே வேளையில் இராமானுஜம் தம் குறுகிய வாழ்வில் அத்தனை ஓவியங்களை வரைய முடிந்தது அந்த உடனுறைவால்தான் என்பதையும் மறுக்க இயலாது. தனியறையில் அவருக்கு அது வாய்த்திருக்குமா என்பது ஐயமே.

பணிக்கர் மேலும் நான்காண்டுகள் வாழ்ந்தார். 1977இன் தொடக்கத்தில் மறைந்தார். 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை அவர் விடவில்லை. பிற்கால ஓவியங்கள் சிலவற்றில் செடியும் பறவையும் முன்னைவிடத் துணிவாக இடம்பிடிக்கின்றன. நிறமும் தளர்ந்து ஒளிர்கிறது. மாணவரின் இழப்போடும் கடற்கரை வாழ்வோடும் இம்மாற்றத்தைச் சேர்த்துப் படிக்க ஆசை எழுகிறது. காட்சிக் குறிப்பு எழுதுபவராயின் அப்படித்தான் எழுதுவார். ஓவியம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. மஞ்சள் தரையில் எவராலும் படிக்க முடியாத ஒரு வரி. அதன் அருகே, நீர் இல்லாமல், ஒரு மீன்.